செயல்நிலை ஆய்வு: நம் ஆசிரியர்களிடம் குறைவது திறனா, மனமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 4க்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆளுக்கொரு செயல்நிலை ஆய்வு செய்யும்படி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். மீதிப் பேர் பழைய அறிக்கை யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். எங்களுக்குத் திறன் இல்லையா, மனம் இல்லையா? என் கல்வி முதுமாணிப் படிப்புக்கு இதையே தலைப்பாக எடுக்கவும் யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?"

டீச்சர், இரண்டும் குறைவாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல அவை இரண்டு தனித்தனிக் குறைகள் அல்ல. செயல்நிலை ஆய்வு என்பது ஆசிரியர் தன் வகுப்பறைப் பிரச்சினை ஒன்றைத் தானே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, பலனைக் கவனிப்பது. அதை நாம் ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்தும்போதே ஓர் அறிக்கையாக அறிமுகப்படுத்திவிட்டோம். ஐந்து அத்தியாயம், முன்னுரை, இலக்கிய மீளாய்வு, பின்னிணைப்பு, சுருள் கட்டு. பிள்ளையின் கொப்பியிலிருந்து தொடங்க வேண்டியதை அட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அதனால் ஆய்வுத் திறன் வளரவில்லை, திறன் வளராத இடத்தில் விருப்பமும் வரவில்லை. மலையகத்து ஆசிரியர்களை நெடுங்காலம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: முதலில் மனப்பான்மையை மாற்றுவோம், பிறகு ஆய்வு செய்ய வைப்போம் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது. ஒரு சின்ன விடயத்தைச் சரியாக ஆராய்ந்து, அதனால் தன் வகுப்பில் நாலு பிள்ளைகள் மாறியதைக் கண்ணால் கண்ட ஆசிரியருக்கு மனம் தானாக வரும்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்கக் கல்வியியலாளர் தோமஸ் கஸ்கி 1986இல் இதே வரிசையைத்தான் முன்வைத்தார். பயிற்சிப் பட்டறையால் ஆசிரியரின் நம்பிக்கை மாறும், நம்பிக்கை மாறினால் கற்பித்தல் மாறும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். ஆசிரியர் முதலில் ஒன்றைச் செய்து பார்க்கிறார், மாணவரின் கற்றலில் மாற்றம் தெரிகிறது, அதன் பிறகே நம்பிக்கை மாறுகிறது என்றார். மலையகத்தில் நான் கண்டதும் இந்த வரிசைதான்.

செயல்நிலை ஆய்வு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சக ஆசிரியர்கள் இதைப் பல்கலைக்கழகத்துச் சரக்கு என்று நினைக்கிறார்கள். 1946இல் கேர்ட் லெவின் என்ற உளவியலாளர் சிறுபான்மையினரின் பிரச்சினைகளை எப்படி ஆராய்வது என்று எழுதியபோது இந்தப் பெயரைப் பரப்பினார். நூல்களை மட்டும் பெருக்கும் ஆய்வு போதாது என்பது அவருடைய வாதம். 1953இல் ஸ்டீபன் கோரி அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970களில் ஆசிரியரே ஆய்வாளர் என்ற நிலைப்பாட்டை நிறுவினார். நம் விரிவுரைக் குறிப்புகளில் எல்லாம் வரும் திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீள்சிந்தனை என்ற சுழல் அவுஸ்திரேலியாவில் கெம்மிஸும் மக்டகார்ட்டும் வகுத்தது. இவர்கள் எல்லோரும் சொன்னதன் சாரம், வகுப்பறையில் நடப்பதை வகுப்பறையில் இருப்பவரே ஆராய வேண்டும் என்பது. வெளியிலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போவதற்கு மாற்றாகப் பிறந்த முறை இது. அதை ஆசிரியர்மேல் சுமத்தப்படும் இன்னொரு வெளி உத்தரவாக மாற்றியது நாம்தான்.

இனி, முகம் சுளிப்பவர்களைப் பற்றி. அவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சுளிப்பதில்லை.

நேரம் இல்லை என்பவர் பொய் சொல்லவில்லை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை தரம் 5 வரைக்குமான வகை 3 பாடசாலைகள் அல்லது தரம் 11 வரைக்குமான வகை 2 பாடசாலைகள். ஆசிரியர் ஒருவர் விடுமுறை எடுத்தால் பக்கத்து வகுப்பையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சின்னப் பாடசாலைகளில் இரண்டு தரம் ஒரே மண்டபத்தில், ஒரே தட்டிக்கு இரு பக்கமும். காலை உணவைப் பார்க்க வேண்டும், புலமைப்பரிசில் வகுப்பு வைக்க வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கு விபரம் அனுப்ப வேண்டும். இந்த நிலையில் அறுபது பக்க அறிக்கை கேட்டால் முகம் சுளிக்காதவர்தான் ஆச்சரியம். எனவே நேரப் பிரச்சினைக்கு விடை ஊக்கப் பேச்சு அல்ல, ஆய்வின் அளவைச் சுருக்குவது. ஒரு பாடம், ஒரு தவறு, எட்டுப் பிள்ளைகள், ஆறு வாரம். எழுதுவது இரண்டு பக்கம். அதற்கு மேல் கேட்பவர் ஆய்வைக் கேட்கவில்லை, கோப்பை நிரப்பக் கேட்கிறார்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட ஆழமானது. "பிரச்சினை வகுப்பறையில் இல்லை சேர், லயத்தில் இருக்கிறது" என்பார்கள். பிள்ளைகள் வாழும் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்கிறார்கள். தாய் காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறார், அல்லது வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார். தகப்பன் கொழும்பில் கடையில். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. படிக்க இடமில்லை. இதெல்லாம் உண்மை. மலையகத்துப் பிள்ளையின் வறுமையைப் பேசாமல் அதன் கல்வியைப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. ஆனால் காரணங்கள் எல்லாவற்றையும் பாடசாலை கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டால், ஆசிரியர் ஆராய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. செயல்நிலை ஆய்வு ஆசிரியரின் கைக்கு எட்டும் காரணத்தை மட்டுமே எடுக்கும். வீட்டு நிலைமை பெரிய காரணமாக இருக்கலாம். ஆனால் அதே லயத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று வாசிக்கிறது, மற்றது வாசிக்கவில்லை என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி உங்கள் வகுப்பறைக்குள்ளும் இருக்கக்கூடும். அதைத் தேடுவதுதான் ஆய்வு.

மூன்றாவது, பயம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "என் வகுப்பில் பன்னிரண்டு பேருக்குக் கழித்தல் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தால் அது கற்பித்தல் சரியில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும் என்ற பயம். இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. எழுபதுகளில் தொடங்கி அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை, தோட்டத்து ஆசிரியர் தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தவர். துரைக்குப் பிடிக்காததைச் சொல்லும் நிலை அவருக்கு இல்லை. பிறகு வந்த தலைமுறைகளும் நிரந்தர நியமனத்துக்காக நெடுநாள் காத்திருந்தே ஆசிரியரானவை. அண்மைய உதாரணம், 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பின்னர் 10,000. ஒரு முழு ஆசிரியரின் வேலையை அந்தப் பணத்துக்குச் செய்தார்கள், கொட்டகலை போன்ற ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சி முடித்தார்கள், பிறகே சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். அப்படி வந்தவரிடம் "உங்கள் வகுப்பின் குறையை எழுதித் தாருங்கள்" என்றால் அவர் தயங்குவது இயல்பு. இந்தத் தயக்கத்தை மனப்பான்மைக் குறைபாடு என்று எழுதுவது அநியாயம். எழுதிக் கொடுத்த குறை தனக்கு எதிராகப் பயன்படாது என்ற உறுதியை அதிபரும் வலயமும்தான் கொடுக்க வேண்டும்.

நான்காவது எதிர்ப்பைப் படித்தவர்களிடமே அதிகம் காண்கிறேன். நம் ஆசிரியர்களில் அநேகர் பயிற்சியின்போது ஏதோ ஒரு செயல்நிலை ஆய்வைச் செய்து கொடுத்தே வெளியேறியிருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரியின் கட்டுறுப் பயில்விலோ (பாடசாலையில் கற்பித்துப் பழகும் காலம்), பட்டப்பின் டிப்ளோமாவிலோ. அதை நேர்மையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், தட்டச்சுக் கடையில் தலைப்பும் பாடசாலைப் பெயரும் மாற்றி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவருக்குச் செயல்நிலை ஆய்வு ஒரு சடங்கு. அவருக்கு அதன்மேல் மரியாதை வர வழியில்லை, ஏனென்றால் அது வேலை செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் வாசிக்காமலே புள்ளி போட்ட மேற்பார்வையாளருக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு.

திறனுக்கு வருவோம். பாடநூல்கள் பத்துப் பன்னிரண்டு திறன்களை அடுக்கும். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் தாங்குவது ஒன்றுதான்: பிரச்சினையைப் பிள்ளையின் கொப்பியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குச் சுருக்கிச் சொல்லும் திறன்.

"தரம் 4 மாணவர்களின் கணிதப் பாட அடைவு மட்டத்தை உயர்த்துதல்" என்ற தலைப்பை எத்தனை அறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள்! அதில் ஆராய ஒன்றுமில்லை. அதையே இப்படிப் பாருங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் பத்துக் கேள்வி கொடுங்கள். திருத்தும்போது சரி, பிழை மட்டும் போடாமல் பிழையான விடையைத் தனித் தாளில் எழுதுங்கள். 52 − 27க்குச் சில பிள்ளைகள் 35 என்று எழுதியிருப்பார்கள். 61 − 38க்கு 37. 402 − 157க்கு 355. இவை கவனக் குறைவால் வந்த விடைகள் அல்ல. மூன்றிலும் பிள்ளை ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறது: ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழி. வேறு சில பிள்ளைகள் முதல் இரண்டையும் சரியாகச் செய்துவிட்டு 402 − 157க்கு 345 என்று எழுதுவார்கள். அவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும், நடுவில் இருக்கும் பூச்சியத்தை ஒன்பதாக்கவும் தெரியும், ஆனால் நூறிலிருந்து ஒன்றைக் குறைக்க வேண்டும் என்பது தெரியாது. சரியான விடை 245. ஆக, உங்கள் "கழித்தல் தெரியாத பன்னிரண்டு பேர்" உண்மையில் இரண்டு மூன்று வேறு வேறு கூட்டம். எல்லோருக்கும் ஒரே மீட்டல் பயிற்சியைக் கொடுத்தால் ஒரு கூட்டத்துக்குச் சலிப்பு, இன்னொரு கூட்டத்துக்குப் பிழையான விதியில் மேலும் பழக்கம்.

அடுத்து, பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், கேளுங்கள் மட்டும். 35 என்று எழுதிய பிள்ளை அநேகமாக இப்படிச் சொல்லும்: "ரெண்டுலருந்து ஏழு போகாதுங்க டீச்சர். சின்னதுலருந்து பெரிச கழிக்க ஏலாது. அதனால ஏழுலருந்து ரெண்ட எடுத்தேன்." சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? தரம் 1, 2இல் நாம்தான். அப்போதைய கணக்குக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளை அதை உண்மை என்று நம்பி, புதிய கணக்கிலும் நேர்மையாகப் பின்பற்றுகிறது. பிழையின் வேர் லயத்தில் இல்லை, நம் வாயிலிருந்து வந்த வசனத்தில் இருக்கிறது. இதை ஓர் ஆசிரியர் தன் காதால் கேட்ட அன்று, "வீட்டு நிலைமை" என்ற விளக்கத்தின் பிடி தளர்கிறது. எந்த விரிவுரையும் அதைச் செய்யாது. திறனும் மனப்பான்மையும் தனித்தனி அல்ல என்று முதலில் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

காரணம் தெரிந்தால் தலையீடு தன்னால் வரும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் கூட்டத்துக்கு ஈர்க்குக் கட்டுகள், அல்லது பத்து ரூபா, ஒரு ரூபா நாணயங்கள். ஐந்து பத்து ரூபாவும் இரண்டு ஒரு ரூபாவும் கையில் இருக்க, இருபத்தேழு ரூபா கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தைச் சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். நம் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவமும் தெரியும். அம்மா எத்தனை கிலோ பறித்தார், சாக்குக்கு எத்தனை கழித்தார்கள், பேரில் எத்தனை விழுந்தது என்பது வீட்டில் தினம் பேசப்படும் கழித்தல் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு கிலோ பிழைத்தாலும் அம்மா விடமாட்டார். அதை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பூச்சியக் கூட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. நூறு ரூபாத் தாளை மாற்றும் ஒரு விளையாட்டு போதும்.

தரவு சேகரித்தல் என்றதும் நம் ஆசிரியர்கள் வினாக்கொத்து தயாரிக்க ஓடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் "கணித பாடம் எனக்கு விருப்பமானது: முற்றாக உடன்படுகிறேன்" என்று புள்ளடி போடச் சொல்வதில் என்ன இருக்கிறது? உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தரவே அதிகம். அப்பியாசக் கொப்பி, வரவு இடாப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் பதிவுகள், அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளின் பட்டியல். இவற்றோடு ஒரு சாதாரணக் கொப்பியில் நாளுக்கு ஐந்து வரி. இன்று என்ன செய்தேன், எந்தப் பிள்ளை என்ன சொன்னது, எது எதிர்பாராதது. பாடம் முடிந்த கையோடு எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் நடந்தது மறைந்து, நடந்திருக்க வேண்டியது எழுதப்படும்.

இடாப்பை வாசிப்பதும் ஒரு திறன். வரவுக் குறைவை ஆராயும் பலர் மொத்த வீதத்தை மட்டும் எடுக்கிறார்கள். நாளை நாளாகப் பாருங்கள். சம்பள நாளுக்கு அடுத்த நாள், தோட்டத்துத் திருவிழா, மாசியில் காமன் கூத்து, அடைமழை. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஆனி ஆடியில் தென்மேல் பருவ மழை கொட்டும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் வெயில். அங்கே மழை ஐப்பசி தொட்டு மார்கழி வரை. ஆனியில் தொடங்கிய உங்கள் வரவுத் திட்டம் ஆவணியில் பலன் தந்தது என்று எழுதுமுன், போன வருட இடாப்பில் அதே மாதங்களைப் பாருங்கள். மழை விட்டதால் வந்த பிள்ளைகளை வரவுக்காக நீங்கள் கொடுத்த நட்சத்திர ஸ்டிக்கர் கொண்டுவந்ததாகக் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது நம் அறிக்கைகளில் ஏறக்குறைய எங்கும் கவனிக்கப்படாதது. ஒரு பரீட்சை வைத்து, மிகக் குறைந்த புள்ளி எடுத்த எட்டுப் பேரைத் தெரிவு செய்கிறோம். ஆறு வாரம் ஏதோ செய்கிறோம். மீண்டும் பரீட்சை வைத்தால் புள்ளி உயர்ந்திருக்கிறது. வெற்றி என்று எழுதுகிறோம். ஆனால் அந்த எட்டுப் பேரில் சிலர் முதல் பரீட்சை அன்று காய்ச்சலோடு வந்தவர்கள், சிலர் சாப்பிடாமல் வந்தவர்கள், சிலருக்கு அன்று வந்த கேள்விகள் வாய்க்கவில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அவர்களின் புள்ளி அடுத்த முறை சற்று உயரும். புள்ளியியலில் இது நன்கு அறிந்த விடயம். கடைசியில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்தால் அடுத்த அளவீடு சராசரியை நோக்கி நகரும். இதற்கு ஓர் எளிய காப்பு இருக்கிறது. தலையீட்டுக்கு முன்னர் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள், இரண்டிலும் அதே பிழையைச் செய்தவர்களை மட்டும் எடுங்கள். கடைசிப் பரீட்சையில் அதே கேள்விகளைப் போடாதீர்கள், அதே வகைக் கேள்விகளைப் போடுங்கள். இன்னும் ஒரு மாதம் கழித்து, அறிவிக்காமல் ஐந்து கேள்வி கொடுத்துப் பாருங்கள். அப்போதும் நிற்பதுதான் கற்றல்.

எட்டுப் பேருக்குச் சராசரி, நியம விலகல், டி சோதனை எல்லாம் போட்டு அழகுபடுத்துவதும் வேண்டாம். எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு வரி எழுதுங்கள்: முன்பு இந்தப் பிழை, இப்போது இந்த நிலை. மாறாத இரண்டு பேரைப் பற்றி மாறிய ஆறு பேரைவிட அதிகம் எழுதுங்கள். அடுத்த சுழல் அவர்களிடமிருந்துதான் தொடங்கும்.

நெறிமுறை பற்றி நம் பயிற்சிகளில் அரைப் பக்கத்துக்கு மேல் வருவதில்லை. தோட்டம் சின்ன ஊர். "மா-5, தகப்பன் குடிப்பவர், தாய் டுபாயில்" என்று எழுதினால் யாருடைய பிள்ளை என்று முழு டிவிசனுக்கும் தெரியும். பெயரை மறைத்தால் போதாது, அடையாளத்தையும் மறைக்க வேண்டும். ஆய்வுக்குத் தேவையில்லாத குடும்ப விபரத்தை எழுதவே வேண்டாம். அதேபோல, ஒப்பிடுவதற்காகப் பாதி வகுப்புக்கு நல்ல முறையையும் பாதிக்குப் பழைய முறையையும் கொடுப்பது வகுப்பாசிரியருக்கு உகந்தது அல்ல. ஒரு கூட்டத்துக்கு முதல் மூன்று வாரமும் மற்றக் கூட்டத்துக்கு அடுத்த மூன்று வாரமும் கொடுங்கள். ஒப்பீடும் கிடைக்கும், யாரும் இழக்கவும் மாட்டார்கள்.

இனி உங்கள் முதுமாணித் தலைப்பு. ஆசிரியர்களின் திறனையும் மனப்பான்மையையும் அளக்க எல்லோரும் எடுக்கும் கருவி, லிக்கேர்ட் 1932இல் வகுத்த, முற்றாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றாக உடன்படவில்லை என்பது வரையான ஐந்து படி அளவுகோல். "செயல்நிலை ஆய்வு கற்பித்தலை மேம்படுத்தும்" என்று ஒரு கூற்று. எந்த ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை என்று குறிப்பார்? அதுவும் அதிபரின் கையால் வந்த தாளில்? அப்படி எடுத்தால் மனப்பான்மை மிக நன்று என்று முடிவு வரும். ஆனால் அதே பாடசாலையில் கடந்த மூன்று வருடத்தில் ஒருவரும் தானாக ஓர் ஆய்வு செய்திருக்கமாட்டார். இந்த இடைவெளிதான் உங்கள் உண்மையான ஆய்வுப் பொருள். அதை விட்டுவிடாதீர்கள்.

மனப்பான்மையை நடத்தையோடு சேர்த்துக் கேளுங்கள். "போன தவணையில் நீங்கள் கற்பித்த ஒன்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று எப்போது தெரிந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? யாரிடம் பேசினீர்கள்?" இதற்கு வரும் பதிலில் அரைவாசி ஆசிரியர்கள் தமக்கே தெரியாமல் செயல்நிலை ஆய்வின் பாதித் தூரம் நடந்திருப்பதைக் காண்பீர்கள். திறனையும் சுயமதிப்பீட்டால் அளக்காதீர்கள். "தரவுப் பகுப்பாய்வில் என் திறன்: உயர்வு" என்பதால் எதுவும் தெரியவராது. மேலே சொன்ன கழித்தல் கணக்குகளைப் போல ஆறு பிள்ளைகளின் விடைத்தாளைக் கொடுத்து, "இவற்றில் என்ன காண்கிறீர்கள்? அடுத்து என்ன செய்வீர்கள்? அது பலித்ததா என்று எப்படி அறிவீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணிநேரம் போதும். தன்னை மிகக் குறைவாக மதிப்பிட்ட அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் அதில் பிரமாதமாகச் செய்வதைப் பார்த்தால் வியக்காதீர்கள். அவருக்கு இல்லாதது அந்தத் திறனுக்கான கலைச்சொல் மட்டுமே.

மாதிரி எடுக்கும்போது ஹட்டன் நகரத்து 1ஏபி பாடசாலைகளோடு (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை) நிறுத்திவிடாதீர்கள். பஸ் இறங்கி மேலே நடக்க வேண்டிய வகை 3 பாடசாலைகளையும் எடுங்கள். பயிற்சி பெற்ற வழியையும் பிரித்துப் பாருங்கள்: பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் மூன்று வருடம் படித்து வந்தவர், கலாசாலையில் சேவைக்காலப் பயிற்சி பெற்றவர், பட்டதாரியாக நேரே நியமனம் பெற்றவர். இந்த மூவருக்கும் ஆய்வோடு ஏற்பட்ட முதல் அறிமுகம் வெவ்வேறு. வயது, பால் என்று வழமையாகப் பிரிப்பதைவிட இது அதிகம் சொல்லும் என்று எதிர்பார்க்கிறேன். உங்கள் சொந்தப் பாடசாலையையோ உங்கள் அதிபருக்குத் தெரிந்தவர்களையோ மட்டும் எடுக்க வேண்டாம். நேர்காணல் தாளில் எந்தப் பாடசாலை என்பதை எழுதாமல் குறியீடு போட்டு வையுங்கள்.

அதிபர்கள், சேவைக்கால ஆலோசகர்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்று சில வருடங்களாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியர்கள் சிறு குழுவாகப் பேசும் தர வட்டம் கூடலாம், பாடத்தைச் சேர்ந்து திட்டமிடலாம். பல இடங்களில் அது தேநீரும் வரவுக் கையொப்பமும் புகைப்படமுமாக முடிகிறது. அந்த ஒரு மணிநேரத்துக்கு ஒவ்வொருவரும் திருத்திய மூன்று கொப்பிகளை மட்டும் கொண்டுவர வேண்டும் என்று ஓர் அதிபர் தீர்மானித்தால் போதும். யாரும் தாளில் ஒன்றும் எழுதித் தர வேண்டியதில்லை. ஆசிரியர் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பாடசாலைகள் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையோடு சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காரலாம். தூரமென்றால் கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டுப் பேசலாம். பயிற்சி வளவாளர் வந்து அரைநாள் முழுக்க லெவினையும் கெம்மிஸையும் விளக்குவதைவிட இது அதிகம் தரும். ஆலோசகர் வந்தால் அறிக்கை எங்கே என்று கேட்காமல், "எந்தப் பிள்ளை உங்களைக் குழப்புகிறது?" என்று கேட்கட்டும்.

"தலையீடு பலிக்காவிட்டாலும் ஆய்வை எழுதிக் கொடுப்பதா?" என்று உங்கள் சக ஆசிரியர்கள் கட்டாயம் கேட்பார்கள். கொடுக்க வேண்டும். நாணயத்தால் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகள் நாணயத்தோடு சரியாகச் செய்தார்கள், கொப்பியில் எழுதும்போது பழைய பிழைக்கே திரும்பினார்கள் என்று ஒருவர் எழுதினால், அது அடுத்த பாடசாலை ஆசிரியருக்கு ஆறு வாரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். நாணயத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு படி தேவை என்று அவர் அறிந்துகொள்வார். ஒவ்வொரு நாணய மாற்றத்தையும் செய்த கையோடு கொப்பியில் குறிப்பது அந்தப் படியாக இருக்கலாம். எல்லா ஆய்வும் வெற்றி என்று முடியும் ஒரு வலயத்தின் தொகுப்பிலிருந்து யாராலும் எதையும் கற்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்லும் தொடக்கம் இது. முதுமாணிப் பிரேரணையை எழுதுமுன், உங்கள் சொந்தத் தரம் 4இல் ஒரு சுழலை முடியுங்கள். வருகிற திங்கள் பத்துக் கழித்தல் கணக்கு, அடுத்த திங்கள் அதே வகையில் வேறு பத்து. பிழையான விடைகளை ஒரு தாளில் எழுதி வகை பிரித்து வையுங்கள். மூன்று பிள்ளைகளை இடைவேளையில் கூப்பிட்டுச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஆசிரியர் அறை மேசையில், முகம் சுளித்தவர்களில் கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் என்று பெயரெடுத்த ஒருவர் முன் வைத்து, "இந்தப் பிள்ளை ஏன் 355 என்று எழுதியிருக்கிறாள், பார்த்துச் சொல்லுங்க சேர்" என்று கேளுங்கள். செயல்நிலை ஆய்வு என்ற பெயரை அப்போது எடுக்க வேண்டாம்.